ஆத்தோட கடைமடை

போன வாரம் திருவொற்றியூர்ல மூணு வீட்டுக்கு கிச்சிலிச் சம்பா அரிசி கொடுக்கப் போயிருந்தேன். பத்து மணிக்கே வேலை முடிஞ்சிட்டுது, ஊருக்குத் திரும்புற வண்டி சாயந்தரம்தான். எங்க கழனி பூண்டி ஏரிக்குக் கீழே, கொசஸ்தலை ஆத்தோரம். அந்த ஆறு கடல்ல சேருற இடத்தை இத்தனை வயசுக்கும் பார்த்ததில்லை. ஷேர் ஆட்டோவுல எண்ணூர் போய், நெட்டுக்குப்பத்துக்கு நடந்தேன்.

எங்க பக்கம் இது மணல் ஆறு. வருஷத்துல பாதி நாள் மாடு மேயும். இங்கே எதிர்க்கரை எட்டாத அகலம். இந்தப் பக்கம் படகும் வலையும். அந்தப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிங்க. கடலுக்குள்ள ஒரு பழைய பாலம் உடைஞ்சு நிக்குது, அதைப் படம் எடுக்கப் பசங்க வர்றாங்க.

பழமையான இடம்தான். பக்கிங்காம் கால்வாயோட முதல் துண்டு 1806ல சென்னையிலேருந்து எண்ணூர் வரைக்கும் வந்தது. வெள்ளைக்காரங்க ஓய்வெடுக்க வந்து தங்கின ஊரு. அப்புறம் 1970ல எண்ணூர் அனல்மின் நிலையம், 2001ல துறைமுகம்.

வலை பின்னிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர், "எந்த ஊருப்பா?"ன்னார். சொன்னேன்.

"அப்ப மேல தண்ணிய நிறுத்தி வச்சிக்கினு இருக்கிற ஆளு நீதானா?"ன்னு சிரிச்சார்.

"எங்களுக்கும் வர்றதில்லைண்ணா. எல்லாம் பட்டணத்துக்குக் குடிக்கப் போவுது"ன்னேன்.

பூண்டி ஏரியை 1944ல கட்டினதே சென்னைக் குடிதண்ணிக்குத்தான். நல்ல தண்ணி மேல நின்னுடுது. கீழே வர்றது என்ன? "முன்னெல்லாம் ஆத்துல கைய உட்டா எறா மாட்டும். இப்ப சாம்பலும் சேறும்தான். ஆழமே போயிட்ச்சு"ன்னார் பெரியவர்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். எங்க கழனியில வெள்ளம் வடிஞ்சதும் நாங்க மூச்சு விட்டோம். இங்கே அப்பதான் ஆரம்பம். மணலிப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோட கலந்து, கால்வாய் வழியா ஆத்துல எறங்கிட்டுது. மீனவங்க படகுல நின்னு மக்காலயும் பக்கெட்டாலயும் மொண்டு எடுத்தாங்க. வலையும் படகும் கறுத்துப்போச்சு, மீனு வாங்க ஆளில்லை.

வெவசாயத்துல கடைமடைன்னு ஒண்ணு உண்டு. வாய்க்கால் முடியுற இடத்துக் கழனி. தண்ணி குறைஞ்சா அவனுக்குக் கடைசியா வரும், வராமலும் போவும். மழை மிஞ்சினா மேல இருக்கிறவங்க வடிய விடுறதெல்லாம் அவன் தலையிலதான். நெட்டுக்குப்பம் கொசஸ்தலையோட கடைமடை.

எங்க ஏரிக்கு நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருந்தார். தண்ணி திறந்துவிட்டா மதகோட நிக்கமாட்டார். மம்முட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு கடைசிக் கழனி வரைக்கும் நடந்து பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இவ்வளவு பெரிய ஆத்துக்கு அப்படி ஒருத்தர் இல்லை.

சென்னையில இருக்கிறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க. பாலத்தைப் படம் எடுத்த கையோட, அப்படியே திரும்பி ஆத்தையும் ஒரு தடவை பாருங்க. உங்க வீட்டுக் குழாயில வர்ற தண்ணி, இங்கே வந்து சேராத தண்ணிதான்.