அழாத குழந்தையின் வேதனை

ரண சிகிச்சை முடிந்து வார்டுக்குத் திரும்பும் குழந்தைகளில், தொண்டை கிழிய அழுது தன் வேதனையை ஊரறியச் சொல்லிவிடுகிற குழந்தைக்குப் பரிகாரம் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. சமர்த்தென்று எல்லோரும் மெச்சும்படி வாய் திறவாமல் படுத்திருக்கும் குழந்தையினிடத்திலேதான், மயக்க மருத்துவம் செய்கிற என் கவனம் எப்போதும் முதலில் செல்லும்.

குடலிறக்கத்துக்காகக் காலையில் ரண சிகிச்சை செய்யப்பெற்ற ஐந்து வயதுப் பையன் ஒருவனை, பிற்பகலில் பார்க்கச் சென்றேன். மயக்கத்தில் இருக்கும்போதே முதுகெலும்பின் அடியில் கிலோவுக்கு ஒரு மில்லி வீதம் புபிவகேயின் செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது எங்கள் வழக்கம். அந்த மரப்பு நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் விலகிவிடும். “சத்தமே இல்லை டாக்டர், தங்கமாட்டம் படுத்திருக்கான்” என்றார் தாயார். முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, போர்வையின் ஓரத்தை விரல் வெளுக்கப் பற்றியிருந்தான் பையன். “வலிக்குதா கண்ணு?” என்றதற்கு, “இல்லை” என்று தலையசைத்தவன், சற்றுப் பொறுத்து, “ஊசி போடுவீங்களா?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில் அவனுடைய மௌனத்தின் காரணம் முழுவதும் அடங்கியிருந்தது. வலியைச் சொன்னால் ஊசி வரும் என்று தெரிந்த குழந்தை, வலியை மறைக்கவே செய்யும். ஆகையால் வலி நிவாரணத்துக்காகத் தொடையில் ஊசி போடும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். வாய்வழியாகவோ, ஆசனவாய் வழியாகவோ, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் டிரிப் வழியாகவோ கொடுக்க மருந்துகள் இருக்கின்றனவே! குழந்தை வாய்விட்டுச் சொல்லாத வலியை அளக்கவும் வழி உண்டு. 1997-இல் வெளியான ஓர் அளவுமுறை முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிற தன்மை ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண் வைத்துப் பத்துக்குக் கணக்கிடுகிறது. அதில் அழுகையின் பங்கு இரண்டே இரண்டுதான் என்பதை எங்கள் நர்ஸுகளுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

பச்சிளஞ்சிசுக்களுக்கு வேதனையை உணரும் பக்குவம் இல்லையென்று நம்பி, மிக லேசான மயக்கத்திலேயே அவர்களை அறுத்த காலமும் இருந்தது. ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த இந்தியரான கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய சகாக்களும், குறைமாதச் சிசுக்களுக்கு இருதய நாளத்தைக் கட்டும் சிகிச்சையின்போது ஃபென்டனில் என்ற வலி நிவாரணியைக் கொடுத்தால் உடலின் அதிர்ச்சி பெரிதும் தணிகிறது, பின்விளைவுகளும் குறைகின்றன என்று 1987-இல் நிரூபித்த பிறகே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

வலி எழுந்த பின் அதைத் துரத்துவதைவிட, மரப்பு விலகுமுன்பே அடுத்த மருந்தைக் கொடுத்துவிடுவதே சிறந்த உபாயம். சாதாரண சிகிச்சைகளுக்குப் பாராசிட்டமாலை கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஆறு மணிக்கொருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், முதல் இரண்டு நாட்களுக்குக் கொடுத்து வந்தாலே பெரும்பாலான குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கும். பெரிய சிகிச்சையாயின் மார்பின் வேண்டியிருக்கும். அப்போது சுவாசத்தை இரவு முழுதும் கண்காணிக்க ஆள் வேண்டும்.

வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் 250 என்றும் விற்கப்படுகிறது. சொட்டு மருந்தோ இன்னும் பன்மடங்கு வீரியமுள்ளது. புட்டியின் மேலுள்ள எண்ணை மருத்துவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்து, சமையலறைக் கரண்டியை விடுத்து, அளவு மூடியாலேயே கொடுங்கள்.