விழுங்கிற கமரா

பழுதான ஃபோனைக் கழட்டி, அதின்ர கமராவை நகத்தில வைச்சுப் பார்த்தோம். உள்ளே இருப்பது சீமொஸ் சென்சர். 1990களில் நாசாவுக்காக எரிக் ஃபொசம் குழு விண்வெளிக் கமராக்களைச் சிறிதாக்க உருவாக்கிய வகை. அதே வகை பிறகு மாத்திரைக்குள்ளும் போனது: நீளம் 26 மில்லிமீற்றர், செக்கனுக்கு 2 படம். 2001இல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்தது.

படம் எடுக்கிறது லேசு. வயிற்று அமிலம் உள்ளே புகாதா, பற்றரி கசியாதா, இரத்தச் சிவப்பு சிவப்பாகவே தெரியுமா? இதையெல்லாம் நிரூபிக்கிறதுதான் பெரும்பாடு. எங்கட ஃபோன் முகத்தை வெள்ளையாக்கித் தரும், நாங்களும் (வெட்கமில்லாமல்) ரசிப்போம். சிறுகுடல் படத்தில் அந்த 'அழகு' ஒரு இரத்தக்கசிவையே மறைத்துவிடும்.

அனுமதி கிடைத்த பிறகும், ஒடுங்கின குடலில் மாத்திரை சிக்குவதுண்டு. அதுக்காக, கமரா இல்லாத, தானாய்க் கரையிற மாத்திரை ஒன்றையும் செய்தார்கள். சந்தேகமானவர்கள் முதலில் அதைத்தான் விழுங்குவார்கள்.