நான் கற்றுக்கொடுத்த ஒரு சொல்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். வயது பத்தொன்பது. அக்னிவீர் ஆள்சேர்ப்பில் எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிவிட்டான். மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் எஞ்சியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டான்: "சார், எனக்குச் சின்ன வயசுலேர்ந்து இரைப்பு உண்டு. இப்ப ரொம்பக் குறைஞ்சிடுச்சு. அங்க கேட்டா சொல்லணுமா?"

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகைக்கு முன் நின்றவன் நான். "உண்மையே பேசு" என்று எத்தனை ஆயிரம் முறை எழுதிப் போட்டிருப்பேனோ, கணக்கில்லை. ஆயினும் அன்று அந்தப் பையனுக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. "நாளைக்கு வாப்பா" என்று அனுப்பிவிட்டேன். ஏனெனில் இதே கேள்வி 1987-இல் என் வீட்டுக்குள்ளேயே கேட்கப்பட்டது. அன்று நான் தயங்காமல் விடை சொன்னேன்.

எங்கள் பகுதி படைக்கு ஆள் கொடுத்துப் பழகிய பகுதி. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ‘இராணுவப்பேட்டை’ என்றே மக்கள் அழைப்பார்கள். எங்கள் ஊர் அத்தனை பேர்பெற்றதன்று. என்றாலும் தெருவுக்கு நான்கு வீடுகளிலிருந்து யாரேனும் பட்டாளத்தில் இருந்தார்கள். விடுமுறைக்கு வருகிறவர்களின் கறுப்புத் தகரப்பெட்டியைப் பார்த்தே வளர்ந்த தம்பிக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை. அப்பா இறந்துவிட்டார். நிலம் அடகில் இருந்தது. தங்கையின் திருமணம் எதிரே நின்றது. என் தொடக்கப்பள்ளிச் சம்பளத்தில் இவற்றுள் ஒன்றைக்கூடத் தீர்க்க முடியாது.

தம்பிக்கு ஒன்பதாவது வயதில் வலிப்பு வந்தது. முதன்முறை வயலில், பிறகு உறக்கத்தில் சில முறை. மருத்துவர் கார்டினால் மாத்திரை கொடுத்தார். அம்மா அதைத் தினமும் வெல்லத்தில் பொதிந்து ஊட்டுவார். அண்டை வீட்டாருக்கு அது ‘சத்து மாத்திரை’. பதினான்கு வயதுக்குப் பிறகு வலிப்பு வரவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டோம். நோய் போய்விட்டது என்றே நம்பினோம். குழந்தைப் பருவத்து வலிப்பு பலருக்கு வளர வளர நின்றுவிடுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் எங்களுடையது நம்பிக்கையா, வசதிக்காக நாங்களே செய்துகொண்ட தீர்ப்பா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

படைத் தேர்வில் மார்பை அளப்பார்கள். கண்ணையும் காதையும் பார்ப்பார்கள். பாதம் தட்டையா, முழங்கால்கள் இடிக்கின்றனவா என்றெல்லாம் சோதிப்பார்கள். வலிப்பை மட்டும் அப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வராத நேரத்தில் வலிப்புநோயாளியின் உடல் பழுதற்ற உடலாகவே தெரியும். ஆகவே மருத்துவர் கேட்டுத்தான் அறியவேண்டும். வந்தவன் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்தக் கேள்விக்கு நான்தான் தம்பியைத் தயார் செய்தேன். இந்தி பிரசார சபையில் ‘மத்தியமா’ வரை தேறியிருந்த பெருமை எனக்கு. விளக்கு வெளிச்சத்தில் அவனை உட்காரவைத்துச் சொன்னேன்: "மிர்கி என்ற சொல் காதில் விழுந்தால் அது வலிப்பு. உடனே ‘நஹீன், சாப்’ என்று சொல்." பத்து முறை சொல்லவைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. படைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, சேரும்போது வேண்டுமென்றே பொய்விடை சொன்னவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடந்தருகிறது. அதை அன்று நான் அறியேன். அறிந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேனா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தம்பி தேர்வானான். ஊரே பேருந்து நிலையம் வரை வந்து வழியனுப்பியது.

ஐந்தாம் மாதம் அது நேர்ந்தது. பயிற்சி மையத்தில் இரண்டு இரவுகள் தொடர்ந்து காவல்பணி. கண் மூடவே வாய்ப்பில்லை. உறக்கமின்மை வலிப்பைத் தூண்டும் என்பதை அவன் அறியான், நானும் அறியேன். விடியற்காலையில் படுக்கைகளின் வரிசை நடுவே விழுந்தான். விழித்தபோது மருத்துவமனையில் இருந்தான். நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தது. மருத்துவ அதிகாரி கேட்ட முதற்கேள்வியில் அந்தச் சொல் இருந்தது. நான் பழக்கியபடியே தம்பி "நஹீன், சாப்" என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் வலிப்பு என்றே ஏட்டில் ஏறியிருக்கும். ஆனால் இரண்டு நாள் கழித்து, யாரும் கேளாமல், அவனே மருத்துவரைப் பார்க்கவேண்டுமென்று சொல்லிப் போய், "ஹாங், சாப்" என்றான். அந்தச் சொல்லை நான் அவனுக்குக் கற்பிக்கவில்லை. அங்கே அவனாகக் கற்றுக்கொண்டது.

பயிற்சி முடிவில் ‘கசம் பரேட்’ என்றொரு சடங்கு உண்டு. அவரவர் தம் மறைநூலை முன்னிறுத்தி ஆணையிடுவார்கள், நம்மவர்க்குக் கீதை. அதை நினைத்துத்தான் சொன்னாயா என்று ஒருமுறை அவனிடம் கேட்டேன். உண்டு என்று சொல்வான் என எதிர்பார்த்தேன் போலும். "அதெல்லாம் இல்லண்ணா" என்றான். "அடுத்த வாரம் கையெறிகுண்டுப் பயிற்சி. குண்டை எறியறப்ப அவில்தார் பக்கத்துல நிப்பார். ஊசியைப் பிடுங்கின பிறகு எனக்கு வந்துட்டா அவரும் போயிடுவார். அவருக்கு ரெண்டு பொண்ணுங்க. போட்டோ காட்டியிருக்கார்."

அவன் மீது வழக்கேதும் தொடரவில்லை. திறமையான படைவீரனாக உருவாகும் வாய்ப்பில்லாதவன் என்பதாகக் காரணம் எழுதி விடுவித்தார்கள். ஆணையேற்காத பயிற்சியாளர்களை அனுப்பும்போது படைவிதிகளில் வழங்கும் சொற்றொடர் அது. இரயில் பயணச் சீட்டும் கொடுத்தார்கள். அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஊர் வேறு விதமாகப் பேசியது. பயிற்சி தாங்காமல் ஓடிவந்துவிட்டான் என்றார்கள். மறுப்பதற்கு உண்மையைச் சொல்லவேண்டும். சொன்னால் தங்கையைப் பெண் கேட்டு யார் வருவார்? வலிப்பு என்ற சொல்லுக்கு அன்று அத்தகைய அச்சம். நாட்டின் இந்துத் திருமணச் சட்டமே 1999-இல் திருத்தப்படும் வரை, மீண்டும் மீண்டும் வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது என்றால் எங்கள் தெருவை மட்டும் நொந்து பயனில்லை. ஆகவே ‘ஓடிவந்தவன்’ என்ற பெயரைத் தம்பி வாங்கிக்கொண்டான். நான் பள்ளிக்குப் போய்வந்தேன். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. தங்கையின் திருமணம் நடந்தது. தம்பி மறுபடியும் மாத்திரை எடுத்துக்கொண்டான்; சைக்கிள் கடை வைத்தான்; தாமதமாக மணந்தான், பெண் வீட்டாரிடம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டு.

2013-இல் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் ஒரு செய்தியோடு வந்தார். தரம்வீர் சிங் என்னும் வீரர் 1985-இல் தகவல்தொடர்புப் படைப்பிரிவில் சேர்ந்து, வலிப்புநோயால் 1994-இல் விடுவிக்கப்பட்டவர். அவருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டிருந்தது. சேரும்போது நோய் இருந்ததாக ஏட்டில் குறிப்பில்லையென்றால், வீரர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ளவேண்டும். பணியினால் நோய் வரவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு சூலையில் தீர்ப்பளித்தது. "உன் தம்பி ஏட்டிலும் சேரும்போது எதுவும் எழுதியிருக்காதே! மனுப் போட்டுப் பார்க்கலாம்" என்றார் சுபேதார், நல்லெண்ணத்தோடுதான். பனியிலும் பாலையிலும் உடலைத் தேய்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரும் துணை. படைவீரனின் சொல்லை நம்பி எழுந்த சட்டம் அது.

தம்பியிடம் சொன்னேன். டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்காமலே சிரித்தான். "ஏட்டுல ஒண்ணும் இல்லைதான். நீ சொல்லிக்கொடுத்த ‘நஹீன்’தானே அதுல இருக்கு அண்ணா."

இருபத்தாறு ஆண்டுகளில் அவன் அதைச் சொன்னது அந்த ஒருமுறைதான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

மறுநாள் பையன் வந்ததும் அவனைத் தம்பி கடைக்கு அழைத்துப் போனேன். போகும் வழியில், 1987-இல் விளக்கு வெளிச்சத்தில் நடந்ததை அவனிடம் சொன்னேன். வீட்டாரைத் தவிர வேறொருவரிடம் நான் அதைச் சொன்னது முதன்முறை. அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தம்பி பையனை மரப்பெட்டியில் உட்காரச் சொன்னான்.

"இப்பவும் பம்ப் வெச்சிருக்கியா?"

பையன் சட்டைப்பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்துக் காட்டினான்.

"சொன்னா எடுக்க மாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும் மாமா." சற்று நேரம் கழித்துப் பையன் கேட்டான்: "அந்த அஞ்சு மாசம் எப்படி இருந்தது?"

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "நல்லா இருந்துச்சு. காலைல நாலரைக்கு விசில். ஓட்டம். அந்தச் சப்பாத்தி. எல்லாம் நல்லா இருந்துச்சு. ராத்திரி படுக்கத்தான் பயம்."

பையன் இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். என்ன சொல்லப் போகிறான் என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பரிசோதனை அடுத்த மாதம். இந்தி அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.