பஞ்சாரத்துச் சிம்பு

கோழியைக் கையில் வாங்கியதும் அம்மாயி முந்தானையை எடுத்து அதன் தலையை மூடினார். கொக்கரித்துக்கொண்டிருந்த கோழி நாலைந்து மூச்சில் அடங்கிவிட்டது. "இருட்டுனாப் போதும் கண்ணு, பயம் போயிரும்" என்றார். அப்புறம் மறுபடி முந்தானையை விலக்கி, கோழியைத் தரையில் விட்டார். எனக்குப் புரியவில்லை. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை எதற்கு விடுவது?

"நடந்து காட்டட்டும்."

அரவக்குறிச்சிப் பக்கம், முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் அது. ஊரில் எல்லோருக்கும் அவர் அம்மாயிதான். கோழிக்குக் கால் ஒடிந்தால் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். நான் போனது ஒரு குற்ற உணர்ச்சியோடு. மூன்று மாதம் முன்பு எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் சிக்கி ஒரு வெடைக்கோழிக்குக் கால் ஒடிந்தது. ஐஸ் குச்சி இரண்டை வைத்து, மின்கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பால் இறுக்கிக் கட்டினேன். கட்டு அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் விரல்கள் கறுத்திருந்தன. எலும்பு கூடிவிட்டது, ஒரு விரல் காய்ந்து உதிர்ந்தது. அந்தக் கோழி இன்றும் மூன்று விரலோடு எங்கள் கொல்லையைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

அம்மாயியின் முன்னால் நடந்த கோழி பக்கத்து வீட்டுடையது. பைக் ஏறியதாம். இடது காலைத் தூக்கியபடி தத்தித் தத்திப் போனது. அவர் மறுபடி மடியில் போட்டு, இரண்டு கால்களையும் இரண்டு கைகளில் ஒரே நேரத்தில் பிடித்தார். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். நம் கைக்கு அது எப்போதும் காய்ச்சல் கண்ட மாதிரிதான் தெரியும். நல்ல காலோடு ஒப்பிட்டால்தான் அடிபட்ட காலின் சூடு பிடிபடும். அம்மாயிக்கு டிகிரிக் கணக்குத் தெரியாது. கை கணக்குப் பார்க்கிறது.

கோழிக்கு முட்டி பின்பக்கமாக மடங்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது கணுக்கால். உண்மையான முட்டி மேலே, இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. செதில் மூடிய கால் என்று நாம் சொல்வது முழுக்கப் பாதத்து எலும்புகள் சேர்ந்து நீண்ட ஒரே தண்டு. அங்கே சதை கிடையாது. ஒடிந்தால் விரலுக்கே தெரியும், சிம்பு வைக்கவும் வாகான இடம். தொடை அப்படியில்லை. அங்கே கட்டினால் நிற்காது, நழுவி இறங்கிப் புண்ணாக்கும். "தொடையில ஒடிஞ்சா நான் கட்டமாட்டேன். நெலத்துல வைக்கோலப் போட்டு, பஞ்சாரத்தக் கவுத்து, தீனி தண்ணிய உள்ளயே வெச்சிருன்னு அனுப்பிருவேன்." தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலும் தொடமாட்டாராம். அது டாக்டரிடம் போக வேண்டியது.

இந்தக் கோழிக்கு ஒடிந்தது தண்டில்தான், தோலும் கிழியவில்லை. கூரை ஓலையில் செருகியிருந்த ஒரு கட்டை உருவினார். உடைந்த பழைய பஞ்சாரத்திலிருந்து பிரித்து, முனை மழுக்கிச் சீவிய மூங்கில் சிம்புகள். குஞ்சுக்கென்றால் மூங்கில் கனமாம். விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கு போதும். காலை மெல்ல நீட்டி நேராக்கினார். பஞ்சு, அதன்மேல் நாலு பக்கமும் சிம்பு, அதன்மேல் பழைய வேட்டித் துணி. ஒடிந்த இடத்துக்கு மேலிருக்கிற கணுக்கால் மூட்டையும் சேர்த்துத்தான் கட்டினார். மூட்டு ஆடினால் எலும்பும் ஆடும். விரல் நுனிகளை மட்டும் மூடவில்லை. கடைசியாக முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்து மெல்லிசாகத் தடவினார். ஆந்திரத்துப் புத்தூரில் மனிதர்களுக்குக் கட்டுகிற கட்டிலும் முட்டை வெள்ளைக்கருதான் சேர்கிறது. கோழிக் காலுக்குக் கோழி முட்டையே மாவுக்கட்டாவதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. அம்மாயி சிரிக்கவில்லை.

"கட்டுனோம், போனோம்னு இருக்கப்படாது கண்ணு. ராத்திரி ஒருக்கா வெரலத் தொட்டுப் பாக்கோணும். சில்லுன்னு இருந்தா அப்பவே அவுத்துரு. எலும்பு கோணலா ஒட்டுனாலும் பரவால்ல, வெரலு செத்தாத் திரும்ப வராது."

நான் என் கதையை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் பக்கத்து ஊரில் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மாடும் ஆடும்தான் வரிசையில் நின்றன. ஒரு நாட்டுக்கோழியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவர யாருக்கும் மனம் வருவதில்லை. போக்குவரத்துச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துக் குழம்புக்கே முடிவெடுத்துவிடுகிறார்கள். பெருவிடைச் சேவல் வைத்திருப்பவர்கள் மட்டும் வருவார்கள். அன்று வந்த சேவல் நாலு கிலோவாவது இருக்கும். சிமெண்டுத் தரை, உயரமான அடைகொம்பு; தினமும் அவ்வளவு உடம்பும் மேலிருந்து அந்தச் சின்னப் பாதத்தில் விழுகிறது. உள்ளங்காலில் மிளகைப் பதித்தது போல் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றி வீக்கம். "ஆணிங்க டாக்டர். நானே ரெண்டு தடவ பிதுக்கிப் பாத்தேன், ஒண்ணும் வரல" என்றார் உரிமையாளர்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கோழியின் சீழ் நம்முடையது போல் வழியாது. சீழை இளக்கி நீராக்குகிற ஒரு நொதி அதன் வெள்ளணுக்களில் இல்லை. அதனால் அது இறுகித் திப்பியாகிவிடும். பிதுக்கினால் வெளியே வராது, உள்ளே ஆழமாகத்தான் போகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலைக் கால்மணி நேரம் ஊறவைத்தார். பொருக்கு இளகியதும் ஓரத்தைத் தூக்கி எடுத்தார். உள்ளிருந்து ஒரு முளை வந்தது, திரிந்த பாலைப் பிழிந்து வைத்த மாதிரி. குழியைக் கழுவி, பெட்டாடின் வைத்து, பஞ்சு வைத்துக் கட்டினார். கையுறை போட்டுத்தான் இத்தனையும் செய்தார். அந்தப் புண்ணில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ். நமக்குக் கொப்புளம் கொடுக்கிற அதே கிருமி. வீக்கம் மேலே ஏறியிருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டியிருக்குமாம். "அப்ப மருந்து குடுக்கற நாளும், அதுக்கப்புறம் சில நாளும் முட்டையையும் கறியையும் தொடக் கூடாது. இதைச் சொன்னா யாருக்கும் பிடிக்கிறதில்ல." உரிமையாளரிடம் கடைசியாகச் சொன்னது கொம்பைப் பற்றி: "முழங்கால் உயரத்துக்கு எறக்குங்க. கீழ வைக்கோல் போடுங்க. இல்லேன்னா அடுத்த மாசமும் நீங்க இங்கதான்."

முடியைப் பற்றி அம்மாயியும் டாக்டரம்மாவும் சொல்லிவைத்தாற்போல் ஒரே மாதிரி கோபப்பட்டார்கள். தலைவாரிச் சுருட்டிக் கொல்லையில் எறிகிற முடி, தையல் நூல், நைலான் வலை இழை எல்லாம் கிளறுகிற காலில் சுற்றிக்கொள்ளும். நடக்க நடக்க இறுகும். வீங்கிய தோல் மேலே மூடிக்கொள்வதால் நூல் கண்ணுக்கே தெரியாது. விரல் கறுத்த பிறகுதான் தேடுவோம். பாரிஸ் நகரத்துப் புறாக்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முடிதிருத்தகங்கள் அதிகமுள்ள பகுதிகளில் விரல் இழந்த புறாக்கள் அதிகம் என்று கண்டது. அரவக்குறிச்சியில் அதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. அம்மாயி வீட்டு நிலைப்படியில், சீப்பில் வருகிற முடியைப் போட ஒரு தகர டப்பா தொங்குகிறது.

செதில் தூக்கிக்கொண்டு கால் சொறசொறப்பாவது பேன் மாதிரியான சிற்றுண்ணியால். வேப்பெண்ணெய் தடவினால் அந்த உண்ணி மூச்சு முட்டிச் சாகும். மண்ணெண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு, தோல் வெந்துபோகும்.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. மூன்று மாதக் கோழியொன்றை ஒரு பையன் திண்ணைக்குக் கொண்டுவந்தான். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டிக்கொண்டு, கூத்தாடி கால் அகட்டி உட்கார்ந்தது போல் கிடந்தது. அம்மாயி இரண்டு கால்களையும் தடவிப் பார்த்தார். சூடில்லை, வீக்கமில்லை, ஒடிவில்லை. "இது காலு நோவு இல்ல சாமி. இதுக்குக் கட்டக் கூடாது. மத்த குஞ்சுங்ககூட உடாத." அது பெரும்பாலும் மேரக் நோய் என்றார் பின்பு டாக்டரம்மா. 1907இல் ஹங்கேரியின் யோசெஃப் மேரக் முதலில் விவரித்த வாதம். வைரஸ் நரம்பைத் தாக்குகிறது. மருந்தில்லை, பொரித்த நாளிலேயே போடும் தடுப்பூசி உண்டு. அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் பொரிக்கும் குஞ்சுக்கு அதை யார் போடுவது? பையன் அழவில்லை. கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே போனான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். பறவை எலும்பு சீக்கிரம் கூடிவிடும். வெந்நீர் ஊற்றிக் கட்டை இளக்கி, சிம்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார் அம்மாயி. ஒடிந்த இடத்தில் பட்டாணி போல் ஒரு முடிச்சு. கீழே விட்டதும் கோழி காலைத் தூக்கியபடியே நின்றது, கட்டு இன்னும் இருப்பது மாதிரி. கம்பைத் தூவினார். ஒரு தடவை தத்தியது. இரண்டாம் தடவை காலை ஊன்றியது.

"முட்டை எப்ப வெக்கும் அம்மாயி?" என்றாள் கோழிக்காரி.

"இப்போதைக்கு வேண்டாம்னு வேண்டிக்கோ. கால் எலும்புலருந்தும் சத்த உறிஞ்சி ஓடு கட்டும். முட்டையோட்டப் பொடிச்சுத் தீனியில கலந்து போடு."

அப்புறம் சிம்புகளைக் கழுவி, வெயிலில் காயவைத்தார். நான் கிளம்பும்போது ஓலையில் செருகக் கை நீட்டியவர், வாசலில் இன்னொருத்தி கூடையோடு நிற்பதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

"எறக்கி உடு. நடந்து காட்டட்டும்."