மேல்மாடித் தையல் இயந்திரம்

குடிக்கூலி வீட்டில் வாழ்வோர், பக்கத்து வீட்டாரோடு பேசிப் பழகலாம். பிணங்கினால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். தலைக்கு மேல் குடியிருப்பவரிடம் இவ்விரண்டும் எளிதல்ல. அவரை நாம் காண்பதேயில்லை; கேட்கிறோம். அவர் எப்போது எழுந்தார், எந்த நாற்காலியை இழுத்தார், எந்தப் பாத்திரம் கை நழுவிற்று என்பதெல்லாம் நமக்குத் தெரியும். முகந்தான் தெரியாது. ஊர்விட்டு வந்து வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களுள் பல இத்தகைய மாடி வீடுகளில் கீழ்ப்பகுதியிலோ மேற்பகுதியிலோ இருப்பதால், என் அனுபவத்தை எழுதுவது சிலருக்கேனும் உதவும் என்று எண்ணுகிறேன்.

நான் இருப்பது காரக்கோணத்தில். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் உரிய எல்லைப்புறச் சிற்றூர்களுள் இதுவும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. எல்லைக்கோடு அரசாங்கத்தின் ஏட்டில் தெளிவாக இருக்கிறது. சந்தையிலும் சம்பந்தத்திலும் அதைக் காண்பது அரிது. இங்கே தமிழ் பேசினால் கடைக்காரர் தமிழிலேயே விடை சொல்வார். அந்தத் தமிழ் கோவில்பட்டிப் பக்கத்தவனாகிய எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின என்பது வேறு.

பழைய காரக்கோணத்தில் மேல்மாடியார் தொல்லை என்பதே இருந்திராது. ஓட்டு வீடுகள், சுற்றிலும் ரப்பர், தென்னை, பலா. கூரைமேல் நடமாடுவது அணில் ஒன்றுதான். 2002இல் இங்கே மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. எவரெஸ்டு ஏறும் முயற்சிகளில் 1922இலும் 1924இலும் பங்குகொண்டவரும், நெய்யூரில் பல்லாண்டு மருத்துவப் பணி ஆற்றியவருமான சோமர்வெல் பெயரை அது தாங்கி நிற்கிறது. மாணவரும் செவிலியரும் ஊழியரும் வந்து குடியேறும் இடத்தில் வாடகைக்கென்று மாடி கட்டுவது இயல்பே. மாடி வந்தது, மாடியோடு ஓசையும் வந்தது.

என் மகள் செவிலி. மாதத்தில் பாதி நாள் அவளுக்கு இரவுப் பணி. மாலை ஏழரைக்குப் புறப்பட்டால் காலை எட்டரைக்குத் திரும்புவாள். குளித்து, இரண்டு இட்டிலி தின்று, ஒன்பதரைக்குப் படுப்பாள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். சமையலும் வீட்டுக் காவலும் என் பொறுப்பு. அவள் உறங்கும்போது வாசல் மணியைத் துண்டித்துவிடுவேன். குக்கரைக்கூட அடுப்பில் ஏற்றமாட்டேன். இதெல்லாம் என் கையில் இருப்பவை. தலைக்கு மேல் இருப்பது என் கையில் இல்லை.

இரவு வேலை செய்வோரின் பகலுறக்கம், அமைதியான அறையிலுங்கூட, இரவுறக்கத்தைவிடக் குறுகியதாகவே பெரும்பாலும் அமைகிறது. வெளிச்சமும் உடலின் உட்கடிகாரமும் சேர்ந்து எழுப்பிவிடுகின்றன. அந்தக் குறைந்த உறக்கத்தையும் துண்டு துண்டாக வெட்டினால், பின்னிரவு இரண்டு மணிக்கு ஊசி மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டியவள் என்ன நிலையில் இருப்பாள்? முன்பின் அறியாத ஒரு நோயாளியின் உயிரும் எங்கள் வீட்டுக் கூரையைத்தான் நம்பியிருந்தது.

சென்ற ஆண்டு மேல்மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. காலை பத்து மணி முதல் ஒரு 'திடுதிடு' ஓசை எழும். இரண்டு நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். தொடர்ச்சியாக இருந்தாலாவது மனம் பழகிப்போகும். விட்டுவிட்டு வருவதுதான் வதை. இடையிடையே ஒரு குழந்தை வீட்டின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு ஓடும். மகள் ஒரு நாள் தலையணையை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் போய்ப் படுத்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவ்வகை ஓசையின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. காற்றின் வழியே வரும் பேச்சையும் பாட்டையும் கான்கிரீட் தளம் ஓரளவு தடுத்துவிடும். ஆனால் தளத்தையே தட்டும் ஓசை அப்படியன்று; காலடியும் நாற்காலிக் காலும் இயந்திர அதிர்வும் தளத்தையே முரசின் தோலாக்கிவிடுகின்றன. அதிர்வு சுவர் வழியாகவும் இறங்கும். ஆகவே சன்னலுக்குக் கனத்த திரை போடுவதால் பயனில்லை. கீழிருந்து கூரைக்கு அட்டை ஒட்டுவதாலும் அதிகப் பயனில்லை. தட்டு விழும் இடத்திலேயே மெத்தென்ற பொருளை இடவேண்டும். மருந்து மேல்வீட்டில் இருக்கிறது, நோய் கீழ்வீட்டில் இருக்கிறது என்பதே இதிலுள்ள சங்கடம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பம் என்று நினைக்கவேண்டா. அடுக்குமாடிகளின் நாடாகிய தென்கொரியாவில் தளத்தின் கனம் 21 சென்டிமீட்டர் இருக்கவேண்டுமென்று விதி செய்திருக்கிறார்கள். நம் வீடுகளின் நான்கைந்து அங்குலத் தளத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு கனமிருந்தும் வழக்கு ஓயவில்லை. மாடி ஓசைப் பிணக்குகளைத் தீர்ப்பதற்கென்றே 2012இல் அங்கே ஒரு மையம் திறந்தார்கள். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1998 முதல் சமூகச் சமரச மையமும், 2015 முதல் அண்டை வீட்டார் பூசலுக்கெனத் தனித் தீர்ப்பாயமும் உண்டு. ஜப்பானில் ஹிராட்சுகா என்னும் நகரில் 1974இல், கீழ்வீட்டுப் பியானோ ஓசை பொறாத ஒருவன் அவ்வீட்டுத் தாயையும் இரு பெண் குழந்தைகளையும் கொன்றே விட்டான். உறக்கம் கெட்ட மனிதனின் சினத்தைச் சிறியதென்று எண்ணலாகாது.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று அளவு கூறுகின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. காலை பத்து மணிக்கு உறங்குகிறவளைப் பற்றி அவ்விதிகளை வகுத்தவர்கள் நினைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பகலெல்லாம் உலகம் வாய்மூடி இருக்க இயலுமா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீங்களே பேசித் தீருங்கோ" என்றார். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் வெளியூரான், அதுவும் தமிழன், வந்த இடத்தில் வழக்குக்காரன் என்று பெயரெடுக்கலாமா என்று தயங்கினேன். கழியால் கூரையைத் தட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. முகம் பாராமல் அனுப்பும் ஏச்சு அது. ஓசை எழும் வேளையில் சினத்தோடு மேலேறுவதும் தவறே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெள்ளைச் சட்டை அணிந்து, நான்கு வாழைப்பழத்தோடு படியேறினேன். சத்தத்திற்கு மலையாளத்தில் 'ஒச்ச' என்று சொல்லவேண்டும் என்பதைப் படிகளிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். என் மலையாளத்தை ஒரு வாக்கியம் வரை பொறுத்துக்கொண்டாள். பிறகு, "எங்க அம்ம வீடு பனச்சமூட்டிலாக்கும், சாறே. தமிழே சொல்லுங்கோ" என்றாள். அறையின் நடுவே மோட்டார் பொருத்திய தையல் மிஷின். பக்கத்தில் நைட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. கணவன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி நான்கு மாதமாகிறதாம். நான் செய்தியைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "அக்கா ராத்திரி டூட்டியா? எனக்கு அறியாது சாறே. ஆனா மிஷின நிறுத்தினா அரி வாங்க முடியாதே" என்றாள்.

அவள் ஓசை அவளுக்குச் சோறு. என் மகளின் உறக்கம் எங்களுக்குச் சோறு. இதில் யாரை அதட்டுவது? உரிமை பேசினால் இரு பக்கத்திலும் உரிமை உண்டு. ஆகவே அறைகளின் கணக்கைப் பேசினோம். மிஷின் இருந்தது மகளின் கட்டிலுக்கு நேர் மேலே. அதை எங்கள் அடுக்களைக்கு மேலுள்ள மூலைக்கு மாற்ற அவள் இசைந்தாள். அவள் மாமியாரும் நானுமாக நகர்த்தினோம். ரப்பர்ப் பால் வடியும் ஊரில் ரப்பருக்குப் பஞ்சமா? பழைய ஹவாய்ச் செருப்புகளை அறுத்து, மிஷின் கால்களுக்கு மும்மடிப்பாகவும், நாற்காலிக் கால்களுக்கு ஒற்றையாகவும் வைத்தேன். மிஷினுக்கடியில் தடித்த கயிற்றுப் பாயொன்று விரித்தோம். ஒன்பதரை முதல் ஒன்றரை வரை வெட்டுதல், பொத்தான் வைத்தல், விளிம்பு மடித்தல் முதலிய கைவேலைகளைப் பார்த்துக்கொண்டு, மிஷினை மற்ற நேரத்தில் ஓட்டுவதாக அவளே சொன்னாள். பகல் பணி வாரங்களில் இந்தக் கட்டு இல்லை. எது எந்த வாரம் என்று தெரிய, படிக்கட்டுக் கம்பியில் நான் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவேன்.

முழு அமைதி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அதிர்வு நன்றாகக் குறைந்தது. குழந்தையின் ஓட்டம் குறையவில்லை. நான்கு வயதுப் பையன் ஓடாமல் என்ன செய்வான்? அங்கன்வாடியிலிருந்து அவன் திரும்பும் வரைதான் எங்களுக்குத் தவணை. ஆயினும், யாருடைய கால் என்று தெரிந்த பிறகு அந்த ஓசை முன்போல் எரிச்சலூட்டவில்லை. மகள் அரைத் தூக்கத்தில் சிரித்துக்கொண்டே, "அப்பா, அவன் வந்துட்டான்" என்பாள்.

ஓணத்தின்போது கட்டு உடைந்தது. ஆர்டர்கள் குவிந்தன; பத்து நாள் மிஷின் காலை முதலே ஓடிற்று. அவள் முன்கூட்டியே வந்து சொன்னாள். மகள் அடுக்களைக்கு எதிர்க்கோடியிலுள்ள முன்னறையில் பாய் விரித்துக்கொண்டாள். கிறிஸ்துமசுக்கு அதைவிட மிகுதியான வேலை வரும் என்கிறாள். அந்த இரு வாரங்களுக்குப் பகல் பணி கேட்டு மகள் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். விடை இன்னும் வரவில்லை.