சாரல் விழுந்தாச்சு, கேட்டியா!

என் செல்லத் தோழிக்கு,

முதலில் ஊர் வம்பு. "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி உனக்கு வாய் வலித்திருக்கும். நான் கேட்கப் போவதில்லை.

கீழத்தெரு மயினி வீட்டுக் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. காரணம் சொதி! மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வெஜிடபிள் பிரியாணி போதும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாராம். பெண் வீட்டு ஆச்சி விடுவாளா? "சொதியும் இஞ்சிப் பச்சடியும் இல்லாம அது என்னட்டி மறுவீடு?" என்று திண்ணையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் மாப்பிள்ளைப் பையனே தன் அம்மாவுக்குத் தெரியாமல் போன் பண்ணி, "சொதியே இருக்கட்டும், தேங்காய்ப்பால் மட்டும் கெட்டியா இருக்கணும்" என்றானாம். பிழைத்துக்கொள்ளும் பிள்ளை. இதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டு. இடுப்பு எலும்பில்தானே ஆபரேஷன், காதுக்கு ஒன்றுமில்லையே!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. கேரளத்தில் கொட்டித் தீர்த்த மேகம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக நமக்கு மிச்சத்தை அனுப்புகிறது. மொட்டைமாடியில் துணி காய்வதே இல்லை. ஐந்தருவிப் பாதையில் பழக்காரன் மங்குஸ்தான் குவித்து வைத்திருக்கிறான். விலை கேட்டால் பழம் தானாகக் கையிலிருந்து கீழே இறங்கிவிடும். ஆனாலும் வாங்கினேன். உன் வீட்டு முருங்கையில் பெரிய கிளை ஒன்று காற்றுக்கு ஒடிந்துவிட்டது. கீரையைத் தெருவே சமைத்துச் சாப்பிட்டது. கரண்ட் பில் கட்டியாச்சு. அதைப் பற்றி யோசிக்காதே.

போனில் அந்தச் சொதிக் கதையின் பாதியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உடனே, "அம்மா இப்படிக் கெடக்கையில நான் சிரிக்கேனே" என்றாய். எனக்குக் கோபமே வந்தது. ரசிகமணி டி.கே.சி.யை நினைத்துப் பார். இதே குற்றாலத்தில் இருந்துகொண்டு நண்பர்களுக்குக் கடிதமாக எழுதித் தள்ளியவர். கல்கியும் ராஜாஜியும் அவருக்காகவே வந்து தங்கிய ஊர் இது. அவர் மகன் இறந்தபோது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஒரு பாட்டு எழுதி அனுப்பினாராம். அந்தத் துக்கத்திலும் டி.கே.சி. அந்தப் பாட்டை ரசித்துப் பதில் எழுதினார் என்பார்கள். மகன் மேல் பாசமில்லாமலா? இன்னாருக்கு எதில் உயிர் என்று அறிந்து அதையே அனுப்பினாரே கவிமணி, அவரல்லவா சிநேகிதர்! எனக்குப் பாட்டு வராது. உனக்கு உயிர் வம்பில். ஆகவே வம்பு.

நம் தோழிகள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கிறேன். "ஏதாச்சும் வேணும்னா கேளு" என்று உன்னிடம் யாரும் சொல்லக்கூடாது. என்ன வேண்டும் என்று யோசிக்க, அதைக் கேட்கலாமா என்று கூச்சப்பட, உனக்கு இரண்டு வேலை கூடியதுதான் மிச்சம். வேளச்சேரிக்காரி செவ்வாயும் வியாழனும் ராத்திரிச் சாப்பாடு கொண்டு வருவாள்; தூக்குச்சட்டியைக் கழுவாமலே திருப்பிக் கொடு. அம்பத்தூர்க்காரி இன்ஷூரன்ஸ் பேப்பரையெல்லாம் பார்த்துக்கொள்வாள். பில், ஸ்கேன் ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வை, போதும். அவள் வந்தால் அறிவுரை கொஞ்சம் நீளும். தலையை ஆட்டிக்கொண்டே இரு, தானாக நின்றுவிடும்.

சாயங்காலம் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு, கீழே இறங்கி ஒரு டீ குடி. போனை மேலேயே வைத்துவிட்டுப் போ. உன் சித்தப்பா மக்கள் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வதைத் திரும்பி வந்து கேட்டால் போதும். இஞ்சி தட்டிப் போட்ட டீ கிடைத்தால் அன்றைக்கு உனக்கு யோகம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொதிகையில் ஏறுகிறேன். சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் அம்மா பக்கத்தில் நான்தான். நீ வீட்டுக்குப் போய்த் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுத் தூங்கு. எந்த மாத்திரை எந்த நேரம் என்று மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வை. என் கண்ணாடி பழசு.

இப்படிக்கு,
மங்குஸ்தானோடு வரும்
உன் தென்காசிக்காரி