கியர் உள்ள வண்டி

எங்கள் காலனியில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். சொந்தமாக வண்டி வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. என் நைனாவும் அப்படித்தான். ஊர்த்தெருவில் ஆண்டை வீட்டு டிராக்டரை இருபத்திரண்டு வருசம் ஓட்டினார். மூணாவதுக்கு மேல் படிக்காத அவர்தான் எனக்குக் கிளட்ச் பாடம் எடுத்தவர். ரெண்டு உள்ளங்கையையும் அழுத்தி ஒட்டவைத்துக்கொண்டு சொல்லுவார்:

"இது இஞ்சின் பக்கம், சுத்திக்கினே இருக்கும். இது கியர்ப் பெட்டி பக்கம். ஒட்டியிருந்தா ரெண்டும் சேந்து சுத்தும். மிதிச்சா பிரியும். பிரிஞ்சிருக்கும்போதுதான் கியர மாத்தணும். வுடும்போது மெதுவா வுடு பாப்பா. மொதல்ல உரசும், அப்பறந்தான் புடிக்கும்."

உரசுகிற அந்த நேரம்தான் ஆஃப் கிளட்ச். காலை அதிலேயே வைத்து ஓட்டினால் பிளேட் கருகி நாறும்.

ஆண்டை வீட்டு டிராக்டரில் இரட்டைக் கிளட்ச். பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், பின்னால் ரொட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுசாக மிதித்தால்தான் அதுவும் நிற்கும். பாதி எங்கே முடிகிறது என்பது காலுக்குத்தான் தெரியும். உழவில், ஓட்டத்தில் கியர் மாற்றவும் முடியாது. கிளட்சை மிதித்த நொடியே கலப்பையை மண் பிடித்துக்கொள்ளும், வண்டி நின்றுபோகும். கிளம்புமுன்பே ஈரம் பார்த்துக் கியரைத் தீர்மானித்தாக வேண்டும். நைனா ஒரு பிடி மண்ணைப் பிசைந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். இதையே கல்லூரியில் படித்துவிட்டு வந்தால் பட்டம். எங்க ஆள் செய்தால் பண்ணையாள் வேலை.

நைனாவிடம் லைசென்ஸ் கிடையாது. "கழனியில ஓட்டறதுக்கு அது எதுக்குடா?" என்றே ஆண்டை காலத்தை ஓட்டிவிட்டார். லைசென்ஸ் வந்தால் லாரிக்குப் போவான், கூலியை ஏத்திக் கேப்பான். அதுதான் விசயம். முட்டி தேய்ந்ததும் நின்றுகொள்ளச் சொன்னார்கள். அத்தனை வருச உழைப்புக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

1929இல் சாலிஸ்கானில் அம்பேத்கர் ரயிலை விட்டு இறங்கியபோது, அவரை ஏற்றி ஓட்ட எந்த டோங்காக்காரனும் சம்மதிக்கவில்லை. வண்டியை வேண்டுமானால் வாடகைக்குத் தருகிறேன், ஓட்ட மாட்டேன் என்றான் ஒருத்தன். பழக்கமே இல்லாத மகார் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் வண்டி சிக்கி பாபாசாகேப் தூக்கியெறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. அவரே இதை எழுதியிருக்கிறார். அந்த மகாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஓட்டிப் பழக அவருக்கு யார் குதிரை கொடுத்தார்கள்?

எங்கள் அமைப்பில் ஒரு பழைய புல்லட் இருந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்கணும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்கணும். அதில் பழகிவிட்டு, கியர் இடது காலில் இருக்கும் ஸ்ப்ளெண்டரில் ஏறினால் கால்கள் ரெண்டும் சண்டை போடும். "உங்களுக்கு ஸ்கூட்டி போதுமே தோழர்" என்றார்கள் ஆண் தோழர்கள். ஸ்கூட்டி மட்டமில்லை. அதிலும் கிளட்ச் உண்டு, மிதிக்கவோ பிடிக்கவோ வேண்டியதில்லை, அவ்வளவுதான். ராட்டினம் வேகமெடுத்தால் தொங்குகிற நாற்காலிகள் வெளியே விரியுமே, அதுபோல ஆக்சிலேட்டரைத் திருகினால் உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து டிரம்மைக் கவ்வும். ஆனால் அமைப்பில் இருந்தது கியர் வண்டி. அதைத் தொடக்கூடாதென்றால் ஒவ்வொரு கிராமத்துக்கும் நான் யாரோ ஒரு தோழரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் போகணும்.

1988 மோட்டார் வாகனச் சட்டம் கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று தனித்தனியாகப் பிரிக்கிறது. விண்ணப்பம் நிரப்பிய புரோக்கர் என்னைக் கேட்காமலே முதலாவதில் குறி போட்டுவிட்டார். "பொம்பளப் புள்ளைங்களுக்கு இதாம்மா." அடித்துவிட்டு மாற்றிப் போடச் சொன்னேன். எட்டுப் போட்டுக் காட்டினேன். முதல் கியர், ஆஃப் கிளட்ச், பின்பிரேக்கைத் தொட்டுத் தொட்டு. கால் தரையில் படவில்லை.

கார்டு வந்ததும் நைனாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன போட்டிருக்கு, படி என்றார். படித்தேன்.

"டிராக்டர் போடலியா?" என்று கேட்டார்.

அடுத்து அதற்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.